குதிரையின் காது வரை

பாலிக்சி,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள எர்மெக் அண்ணாவுக்கு,

வீட்டு ஆட்களும் கொட்டகை ஆடுகளும் நலம். எல்லைக் காவல் மேட்டில் நீயும் உன்னோடு நிற்கும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் அண்டாமல், வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று முதல் வரியில் எழுதச் சொல்கிறாள் அம்மா. கையெழுத்தைப் பார்த்ததும் இது பெர்மெத் என்று தெரிந்திருக்கும். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டு சொல்கிறாள், நான் எழுதுகிறேன், அவள் சொல்ல மறப்பதையும் சொல்லக் கூச்சப்படுவதையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். கூச்சப்படுவதைச் சேர்ப்பேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அம்மா ஏன் தானே எழுதவில்லை என்றுதானே நினைக்கிறாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாமல் படி. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு, உனக்கும் அந்த வசதியைச் செய்கிறேன்: கடைசிப் பக்கத்தில் அம்மா எழுந்து நடமாடுகிறாள்.

வசந்தப் பண்டிகை முடிந்த கையோடு அப்பா தன் வேனில் வழக்கமான பயணிகளை ஏற்றாமல் அம்மாவை மட்டும் தலைநகருக்கு அழைத்துப் போனார். வலது மார்பில் ஒரு கட்டி. புற்றுநோய் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. "உடம்பு கொஞ்சம் சரியில்லைன்னு எழுதுடி, பையன் கையில துப்பாக்கியோட நிக்கிறான்" என்றாள் அம்மா. நான் அப்படி எழுத மாட்டேன் அண்ணா, அப்படி எழுதினால் நீ அதைவிடப் பெரியதாக எதையாவது நினைத்துக்கொள்வாய். அந்த மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பார்த்தார்கள், அங்கே நோய் பரவவில்லை. அதே மயக்கத்திலேயே முதுகிலிருந்து ஒரு துண்டுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து புது மார்பு அமைத்தார்கள். நான் நூலகத்தில் படித்துப் பார்த்தேன், வேரோடு பிடுங்காமல் ஒரு கொடியைப் பக்கத்துப் பந்தலுக்குத் திருப்பி விடுவது போலத்தான் அது. அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "பந்தல் வலிக்குதுன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்கள் கடினமாக இருந்தன. உடம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் வெளியே வந்து, உருண்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் முடிந்தன. உள்ளே ஊறும் நீர் அவற்றில் வடிய வேண்டும். அவற்றை எங்கே தொங்கவிடுவது என்று தெரியாமல் அம்மா கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள். அப்பா தன் பழைய சட்டை ஒன்றை எடுத்து, உள்பக்கம் பைகள் வைத்துத் தானே தைத்துக் கொடுத்தார். "உருளைக்கிழங்கு மூட்டைக்குக்கூட உங்கப்பா இதைவிட நல்லாத் தைப்பாரு" என்றாள் அம்மா, ஆனால் குழாய்களை எடுத்த பிறகும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறாள். கையைத் தூக்க முடியாததால் அப்பாதான் அவளுக்குத் தலை அலசிவிடுகிறார். ஒருநாள் பக்கத்து வீட்டு சைரா பால் வாளியோடு உள்ளே வந்து அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, வேனையும் இப்படித்தான் கழுவுவீங்களா?" என்று கேட்க, அப்பா தலையை நிமிர்த்தாமல், "வேனுக்கு இவ்வளவு சோப்பு போட மாட்டேன்" என்றார். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ரொட்டியும் ஆட்டுச் சூப்பும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றித் தர வேண்டுமே என்று அம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கெட்டிலைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நான் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தேன். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்.

கண்ணாடியை அவள் பார்க்கவே இல்லை. உடை மாற்றும்போது என்னையும் திரும்பி நிற்கச் சொல்வாள். ஒரு மாலை அவளே கூப்பிட்டு, "நீ பாரு, பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு, பொய் சொல்லாத" என்றாள். நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தையல் போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது, ஆனாலும் அம்மாவின் உருவம் அம்மாவுடையதாகவே இருந்தது. அப்படியே சொன்னேன். பிறகு அவளும் பார்த்தாள். விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, "தொட்டா ஒண்ணும் தெரியலைடி. யாரோ வீட்டுச் சாமானை எங்கிட்டப் பத்திரமா வெச்சிருக்கச் சொன்ன மாதிரி இருக்கு" என்றாள். ரக்யா பெரியம்மா வந்தபோது, எல்லோரும் இருக்கும்போதே, "இந்த வயசுல உனக்கு எதுக்கு ஜிபார் புது மார்பு, எர்மெக்குக்குப் பால் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். "உங்களுக்கு எதுக்குக்கா தங்கப் பல்லு, வெந்த உருளைக்கிழங்கை மெல்லவா?" என்றாள் அம்மா. சைரா சிரித்ததில் அவள் கையிலிருந்த தேநீர் விரிப்பில் கொட்டியது.

இனி உனக்கு முக்கியமான விஷயம். நீ கட்டப்போகும் ஜாஸ்குல் அக்காவுக்கென்று, புறப்படும் முன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன வெள்ளிக் கம்மல் பத்திரமாக இருக்கிறது, இருந்தது என்று எழுத வேண்டும், அதற்கு வருகிறேன். "ஜாஸ்குல் காதுல நீதான் போடணும், வேற யாரும் போடக் கூடாது" என்று நீ சொன்னதை அம்மா மருத்துவமனையில் மயக்கம் தெளிந்ததும் நினைத்துக்கொண்டாளாம். கை தூக்க வருமா என்பதுதான் மருத்துவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. பயிற்சி செய்தால் வரும் என்றார்கள். சுவரைப் பார்த்து நின்று, சிலந்தி ஏறுவது போல விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நடத்த வேண்டும். சமையலறைச் சுவரில் குதிரைப் படம் போட்ட நாட்காட்டி இருக்கிறதே, அங்கேதான். ஜாஸ்குல் அக்கா நூலகத்தில் மேல் தட்டுப் புத்தகத்தை ஏணி இல்லாமல் எடுப்பவள் என்பது உனக்கே தெரியும். நான் புத்தகம் தேடுவது போல அவள் பக்கத்தில் நின்று, அவள் காது எந்தத் தட்டுக்கு நேராக வருகிறது என்று பார்த்து, அந்த உயரத்தை அளந்துகொண்டு வந்தேன். சுவரில் அது சரியாகக் குதிரையின் காதில் வந்து நின்றது. அம்மாவின் விரல் முதலில் விளக்குச் சுவிட்சைத் தாண்டவில்லை. பிறகு குளம்பு, முழங்கால் என்று ஏறியது. ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டேன். சுவரில் கை வைத்தாலே திட்டுகிறவள் ஒன்றும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் நீ வருவதற்கு முன்பாக நிச்சயத்துக்கான கம்மல் சடங்கு என்றுதானே பேச்சு, அதற்குள் காது வரை ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர் அப்பா. போன வாரம் மேற்கிலிருந்து உலான் காற்று வீசிய நாள், கடைத்தெருப் பலகைகளெல்லாம் பறந்தன. ஜாஸ்குல் அக்கா எனக்குப் புத்தகமும் அம்மாவுக்கு அவள் வீட்டுப் பாலாடையும் கொண்டுவந்தாள். கம்மல் போடும் முன் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நின்றாள். அவள் தொப்பியைக் காற்று ஏரிப் பக்கம் அடித்துக்கொண்டு போனது, தலையெல்லாம் மணல். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய துணியை எடுத்து அவரே அவள் தலையில் போட்டு, "காதுல காத்து போயிடும்மா, இறுக்கிக் கட்டிக்க" என்றார். அது மருமகள் வரும் நாளுக்கென்று அம்மா சொல்லி நான் சலவை செய்து காயப்போட்டிருந்த வெள்ளை முக்காட்டுத் துணி. பையன் வீட்டு வாசலில் பெண் தலையில் வெள்ளைத் துணி விழுந்தால் அவள் அந்த வீட்டு மருமகள் ஆகிவிட்டாள் என்று அர்த்தம், அது நம் தெருவில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கு அந்த நேரத்தில் காற்று மட்டும்தான் தெரிந்தது. சைரா வாளியோடு எதிரே நின்றாள். ஜாஸ்குல் அக்கா நூலகம் போய்ச் சேர்வதற்குள் செய்தி சந்தை வரை போய்விட்டது. சாயங்காலம் பெண்கள் பரிசுப் பொட்டலங்களோடு வந்து, "மருமகளைத் திரைக்குப் பின்னாடி உக்கார வெச்சாச்சா, முகம் பாக்கணும்" என்று கேட்க, அப்பா, "எந்த மருமக?" என்று கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்துத் தையலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஜாஸ்குல் அக்காவின் அப்பா வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, ரொட்டியை மட்டும் பிட்டு வாயில் வைத்துவிட்டு, "பையன் எல்லையில நிக்கிறான், பொண்ணு நூலகத்துல நிக்கிறா, நடுவுல எம் பொண்ணு தலையில இந்தத் துணி எதுக்குங்க? நாளைக்குத் தெருவுல அவ எப்படி நடப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வர்ற ஞாயிறே முறைப்படி கம்மல் போட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அவர் போனதும் ரக்யா பெரியம்மா, "கம்மலை நானே போட்டுடறேன் ஜிபார். உன் கை எட்டாது. அதோட அறுத்துத் தெச்ச உடம்பு, சகுனம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றாள். இந்த முறை அம்மா திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஜாஸ்குல் அக்காவை உட்காரவைத்துப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். "உக்காந்த பொண்ணுக்குக் கம்மல் போட்டா காலம் முழுக்க உக்காந்தே இருப்பா" என்றாள் பெரியம்மா. "இது எப்ப வந்த சட்டம், அண்ணி?" என்றார் அப்பா. "இப்பத்தான்" என்றாள். மறுநாள் அம்மா சுவர்ப் பக்கமே போகவில்லை. கோடு குதிரையின் மார்பிலேயே நின்றது. நான் கூப்பிட்டதற்கு, "இந்தக் குதிரைக்குக் கழுத்து ரொம்ப நீளம்டி, அக்காவே போடட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணா, அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். அப்பா அவளைச் சமாதானம் செய்யவில்லை. கம்மல் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்து, "பையன் இதை யார்கிட்டக் குடுத்தான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேனை எடுக்கப் போனார். அன்று மாலை சுவரில் விரல் மறுபடி ஏறும் சத்தம் கேட்டது.

இன்று காலை சடங்கு நடந்தது. அவள் வீட்டுக் கூடம் முழுக்கப் பெண்கள், நடுவில் ஜாஸ்குல் அக்கா நீலச் சட்டையில் நின்றாள். அம்மா முன்பக்கம் பொத்தான் வைத்த பச்சை உடுப்பில் போய் எதிரே நின்றாள். ரக்யா பெரியம்மா பக்கத்திலேயே, எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதல் கம்மலை அம்மா தன் இடது கையால் போட்டாள், அது எளிது. மறுபக்கக் காதுக்கு வலது கைதான் போக வேண்டும். அது தோள் வரை வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை. நான் குதிரையின் கழுத்தை நினைத்துக்கொண்டேன். பெரியம்மா எழுந்தாள். அப்போது ஜாஸ்குல் அக்கா குனிந்தாள். இரண்டு கம்மலும் போட்ட பிறகு மாமியாருக்குக் குனிந்து வணங்குவார்களே, அந்த வணக்கம். குனிந்தவள் நிமிரவே இல்லை, கீழ்த் தட்டில் ஒரு புத்தகத்தைத் தேடுகிறவள் போல அப்படியே இருந்தாள். அவள் காது அம்மாவின் கைக்கு வந்தது. "கம்மல் போட்டப்புறம்தானே குனியணும், முன்னாடியே குனியறியே பொண்ணு?" என்றாள் பெரியம்மா. தலையைத் தூக்காமலே, "அவங்க போட்டு முடிக்கிற வரைக்கும் குனிஞ்சிருந்தா முறை சரியாப் போயிடும், பெரியம்மா" என்றாள் அக்கா. அம்மா நிதானமாகத்தான் போட்டாள். கொக்கி மாட்டியதும் அவள் கன்னத்தை இடது கையால் பிடித்து முத்தம் கொடுத்தாள். பெரியம்மா மடியில் வைத்திருந்த மிட்டாய்களை அள்ளி எங்கள் எல்லோர் தலையிலும் எறிந்தாள், ஒன்று என் மூக்கில் பட்டது.

வீடு திரும்பும்போது வேனில் பெரியம்மா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "உனக்கு முதல்ல அது எப்படித் தெரிஞ்சுது, தொட்டா எப்படி இருந்துது?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. "வியாழக்கிழமை என்னைத் தலைநகருக்குக் காட்டக் கூட்டிட்டுப் போறாரு, நீங்களும் வாங்கக்கா" என்றாள். பெரியம்மா சரி என்று தலையாட்டினாள். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, முன் சீட் உங்களுக்குத்தான் அண்ணி என்றார். பெரியம்மாவின் சோதனை முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன், நீயும் உன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள். அம்மா இன்னும் சில விஷயங்கள் சொல்கிறாள்: காலுறையை ஈரத்தோடு போடாதே, அதிகாரியிடம் எதிர்த்துப் பேசாதே, கூட இருக்கும் பையன்களுக்குப் பங்கு கொடுத்துச் சாப்பிடு. எண்ணெய்யில் பொரித்த மாவுப் பண்டம் ஒரு பொட்டலம் இத்தோடு வருகிறது, இந்த முறை நான் பொரித்தது, கொஞ்சம் கருகியிருக்கும். ஜாஸ்குல் அக்காவுக்குத் தனியாக எழுது, அவள் கேட்க மாட்டாள். இனி கடைசி வரிகளைத் தானே எழுதுவேன் என்று அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள்.

என் கண்ணே எர்மெக், கை இழுக்கிறது, கோணலாக வரும், பொறுத்துக்கொள். நீ சொன்னபடி நானே போட்டேன். உன் பெண் எனக்காகக் குனிந்தாள், அதை நான் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே. நீ வரும்போது ஓடி வந்து மோதிக் கட்டிக்கொள்ளாதே, இடது பக்கமாக வா. வலது பக்கம் நீ தொட்டாலும் எனக்குத் தெரியாது, தொடும்போது சொல்லிவிட்டுத் தொடு. உனக்குப் புதுக் கம்பளித் தொப்பி வாங்கி வைத்திருக்கிறேன், வாசலில் நானேதான் உன் தலையில் வைப்பேன். உன் உயரத்துக்கு உங்கப்பா சுவரில், அந்தக் குதிரைக்கும் மேலே, ஒரு கோடு போட்டிருக்கிறார். இலையுதிர் காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் குனிந்தாள், நீ குனியாதே. நிமிர்ந்து நில், நான் எட்டுகிறேன். நீ நிற்கும் மலையும் உன்னைக் காக்கும் இறைவனும் உனக்குத் துணை.

உன் அம்மா,
ஜிபார்