சாக்கடை மூடிக்கு எண்பத்து மூன்று கையெழுத்து

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். போனில் எது கேட்டாலும் "ம், நல்லாருக்கேன்" என்று முடித்துவிடுகிறாய். புனேயில் குளிர் எப்படி, சப்பாத்தி தொண்டையில் இறங்குகிறதா, அறைத்தோழி இன்னமும் உன் சோப்பைத்தான் எடுக்கிறாளா, எல்லாவற்றையும் நீ தாளில் எழுத வேண்டும் என்றுதான் நானும் தாளில் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு இருளாயி அக்கா விஷயம் சொல்ல வேண்டும். நம் சந்து முனையில் சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் பலகை உடைந்து கிடந்ததே, தீபாவளிக்கு வந்தபோது நீகூடத் தாண்டிக் குதித்தாய். கார்த்திகை மழையில் பள்ளம் தெரியாமல் தண்ணீர் நின்றது, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அக்கா அதில் கால் வைத்துக் கணுக்கால் முறிந்துவிட்டது. கான்ட்ராக்ட் வேலை, பொங்கல் கழிந்தும் வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "கட்டுப் பிரிச்ச பெறகும் அந்தப் பள்ளத்த எப்பிடி ஆத்தா தாண்டுவேன்" என்று அக்கா கேட்டார். அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன். கூட்டத்தில் பேச மாட்டேன், எழுதச் சொன்னால் நிறுத்த மாட்டேன், உனக்குத் தெரியும். சாக்கடைக்கு மூடி, முனையில் ஒரு விளக்கு, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கூரை, பெண்களுக்குக் கழிப்பறை என்று போய்க்கொண்டே இருந்து, ஒரு படிப்பகமும் வேண்டும் என்று சேர்த்தேன். அப்பா படித்துவிட்டு "அப்படியே ஒரு ஏர்போர்ட்டும் கேட்டுரு" என்றார். படிப்பகத்தை அடித்தேன், மனசில்லாமல்தான்.

வீடு வீடாகப் போய் எண்பத்து மூன்று கையெழுத்து வாங்கினேன். வார்டு அலுவலகத்தில் கவுன்சிலரின் உதவியாளர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "ஏக்கா, இது மத்திகிரி மனுவா, ராமநாதபுரம் மனுவா?" என்றார். வாங்கிப் பார்த்தால், முகவரி என்ற கட்டத்தில் எல்லோரும் குடியிருக்கிற மத்திகிரியை விட்டுவிட்டுச் சொந்த ஊரை எழுதியிருக்கிறார்கள். கமுதி, சாயல்குடி, விளாத்திகுளம், துறையூர். கதவு எண் ஒருவரும் எழுதவில்லை. சிரிக்காதே, முதல் வரிசையில் என் கையெழுத்து, பக்கத்தில் அழகாகப் பெருநாழி. ஓட்டாவது இங்கே இருக்கிறதா என்று கேட்டார், முக்கால்வாசிப் பேருக்கு அதுவும் இல்லை. "ஓட்டும் அங்க, ஊரும் அங்க, சாக்கடை மட்டும் இங்கயாக்கா" என்றார். ஓட்டில்லாதவர் காலும் கால்தான் என்று சொல்லியிருக்கலாம். கோபத்தோடு திரும்பினேன், ஆனால் பெருநாழி என்று எழுதிய கை என்னுடையது.

ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றதும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அதையும் விட்டுட்டா ஊர்த் திருவிழாவுக்கு நம்மள யாரு கூப்புடுவா" என்றார். ஆனாலும் முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்க நான் கிளம்பியபோது அவரும் செருப்பை மாட்டினார். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று வீட்டுக்காரர் திம்மராயன் நினைப்பாரோ என்று எனக்குப் பயம். அவரோ, "ஏம்மா, இருபது வருசமா அடுத்த பொங்கலுக்கு ஊரோட போயிடுவோம்னே சொல்றீங்க, நானும் காலி பண்ணதும் வெள்ளையடிக்கலாம்னு காத்துனு இருக்கேன்" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தம் கிடைத்ததும், ஓட்டு மாற்றும் படிவத்தில் எனக்கு முன்னால் அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி எண்பத்து மூன்று வீடும் ஏறி இறங்கினேன், இந்த முறை கதவு எண்ணைக் கேட்டு நானே எழுதினேன். பாதிப் பேர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்திருக்கிறார், மூடி அடுத்த மாதமாம். அதுவரைக்கும் என்று அப்பா தன் கம்பெனியில் கேட்டு வாங்கிய, சரக்கு அடுக்கும் பேலட் மரத்தை ஆணியடித்துப் பள்ளத்தின் மேல் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆடுது ஆத்தா, விட்டுறாத" என்று சொல்லிக்கொண்டே அக்கா அதைத் தாண்டிப் பஸ் ஏறினார். வேலை போகவில்லை.

உன் ஓட்டும் பெருநாழியில்தான் இருக்கிறது, அப்பா பதிய வைத்தது. அதை எங்கே வைப்பது என்று நீயே முடிவு செய், நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலேஜ் விண்ணப்பத்தில் சொந்த ஊர் எது என்று நீ கேட்டபோது, கோடை லீவில் மட்டும் பார்த்த பெருநாழியை எழுதச் சொன்னேன். நீ பிறந்தது இங்கே, பால்காரரிடம் கன்னடத்தில் சண்டை போடக் கற்றதும் இங்கே. உன் கட்டத்தையும் நான்தான் தப்பாக நிரப்பினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

காலையில் வெறும் டீயோடு ஓடாதே. இரும்பு மாத்திரையை மறக்காதே. எங்கே கால் வைத்தாலும் தரை உறுதியாக இருக்கட்டும் கண்ணு. பதில் எழுதினால் உறையின் மேல் இந்த முகவரியை முழுதாக எழுது.

உன் அம்மா
ரேவதி முத்துக்குமார்,
கதவு எண் 14/3, மூன்றாவது சந்து,
ஊர்: மத்திகிரி.