தையல் நூல் சுற்றிய இணைப்பு

மைனி,

நாளை பால்வாடிக் கூரையில் நான்கு சோலார் பேனல் ஏற்றுகிறார்கள். இணைப்புக் கொடுக்கப் போவது நான்தான். அதற்காக இன்று காலை உங்கள் கறுப்புப் போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். எத்தனை முறை துவைத்தும் அதில் கருகல் வாடை போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பி என்ன செய்ய, அது நான் வைத்த நெருப்பு.

தாராவியில் எங்கள் சந்தில் வயரிங் படித்துவிட்டு வந்து கூரை ஏறிய முதல் பெண், என் அண்ணனைக் கட்டி வந்த நீங்கள்தான். கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே நான் பை தைக்கும் அறையில் உங்கள் இரண்டு பேனலால் ஃபேன் சுற்றியபோது என் சிரிப்பு அடங்கியது. பேனல்மேல் இந்தப் போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் வயரைத் தொடுவீர்கள். "வெயிலுக்கு சுவிட்ச் கெடையாது ஏட்டி" என்பீர்கள். பேனல் கரண்டை அளவாக்கிப் பேட்டரிக்கு விடும் கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இதைச் சொல்லிச் சொல்லி என் காதே புளித்துப்போனது.

அந்த மே மாதம் பங்கார் என்கிற பழைய சாமான் கடையிலிருந்து மூன்றாவதாக ஒரு பேனல் தூக்கிவந்தேன். இன்னொரு ஃபேன் ஓட்டலாமே என்ற ஆசை. நீங்கள் அம்பர்நாத்தில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். "மூணாச்சுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ் போடணும். நான் வாரவரைக்கும் தொட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டே நாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

நீங்கள் பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸோடு மைனஸும் சேர்த்திருந்தீர்கள். அப்படிச் சேர்க்க வயர் பற்றவில்லை. டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதில்லையா, அதுபோல மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்தேன். வயர் மிச்சமானதில் எனக்குப் பெருமை வேறு. ஒவ்வொரு பேனலும் வெயிலில் இருபது வோல்ட்டுக்கு மேல் தரும், சங்கிலியாகக் கோத்தால் எல்லாம் கூடும், நம் கன்ட்ரோலர் தாங்குவது ஐம்பதுதான் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. டேப் மட்டும் நிற்காத இடத்தில் தையல் நூலை இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன்மேல் டேப்பைச் சுற்றினேன்.

கன்ட்ரோலர் புகைந்து, பக்கத்திலிருந்த துணிக்கட்டு பற்றிக்கொண்டது. உங்கள் போர்வையைப் போட்டு அமுக்கித்தான் அணைத்தோம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் ஓடிவந்து யார் மாட்டியது என்று கேட்டான். சந்தே வாசலில் நின்றது.

"மைனிதான் மாட்டிட்டுப் போனாவ" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைந்தும் விட்டது, அதுதான் கொடுமை. பால்வாடி வயரிங் உங்களுக்குப் பேசி வைத்திருந்தார்கள், வெளியாளுக்கு நீங்கள் செய்யவிருந்த முதல் வேலை. மறுநாளே வேண்டாமென்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பிறகு யாரும் உங்களைக் கூப்பிடவில்லை.

நீங்கள் திரும்பிவந்து கூரை ஏறினீர்கள். டேப்பைப் பிரித்தீர்கள். உள்ளே என் சிவப்பு நூல். சந்தில் வேறு யார் வயருக்கு நூல் சுற்றுவார்கள்? அதைப் பிரித்து டெஸ்டர் பையில் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள். என்னிடம் காபி மட்டும் கேட்டீர்கள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது மைனி, அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அதன்பின் இரண்டு வருடம் மதியம்தோறும் என் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து எனக்கு வயரிங் சொல்லிக்கொடுத்தீர்கள். சொல்லி முடித்ததும் எழாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். போன மழைக்காலத்துக் காய்ச்சல் ஒரு வாரத்தில் உங்களைக் கொண்டுபோனது.

போர்வையை மடித்துவிட்டு, இன்று அண்ணனிடம் சொன்னேன். ஏசுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போய் நின்றேன். அவன் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே நூலைக் காட்டிட்டா. 'நீங்க ஒண்ணும் கேக்காதீய, அவளா வந்து சொல்லுவா'ன்னா."

இரண்டு வருடம் எதிரே உட்கார்ந்து நீங்கள் அதற்குத்தான் காத்திருந்தீர்கள். நான் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன்.

நாளை டீச்சரிடமும், வேடிக்கை பார்க்கக் கூடுகிறவர்களிடமும் முதலில் இதைச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு என்னை வேண்டாம் என்றால் இறங்கிவிடுவேன். வேலை செய் என்றால், உங்கள் போர்வையைப் பேனல்மேல் போர்த்திவிட்டு வயரைத் தொடுவேன். நான்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வாங்கிவைத்திருக்கிறேன்.