கூறை உடுத்திய படம்

செப்டம்பர் 20, சனி

இன்றைய கல்யாணத்தில் கட்டாயம் வேண்டிய படத்தை நான் எடுக்கவில்லை.

தேவாலயத்தில் வெள்ளைக் கவுணோடு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வரவேற்பு, மொன்றியலுக்கு வெளியே ஒரு பண்ணையின் பழைய வைக்கோல் கொட்டகையில். அங்கேதான் மணப்பெண் கூறைச்சேலைக்கு மாற வேண்டும். விசா கிடைக்காத அவளுடைய அம்மா, மகள் கூறை உடுத்தும்போது ஒரு படம் வேண்டும் என்று மட்டக்களப்பிலிருந்து கேட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கியூபெக்காரர். உடுத்திவிட என்னை விட்டால் ஆளில்லை.

கமராவை வைத்துவிட்டு, ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு சேலையின் முன்மடிப்பை, கொய்யகத்தை, பிடித்தேன். என் கல்யாணத்தன்று அக்காவும் இப்படித்தான், ஊசிகளைக் கவ்வியபடியே "ஆடாம நில்லடி" என்று ஏசினாள். வைக்கோல் கட்டொன்றில் சாய்த்து வைத்த போனில் மணப்பெண்ணின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, உடுத்தேக்க படம் எடுக்கேலாமப் போச்சு."

"கொய்யகம் பிடிக்கிற உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன் மகள். கொஞ்ச நேரம் என்ட கையெண்டே நினைச்சிட்டன்."

வீட்டுக்கு வந்ததும் என் கல்யாண அல்பத்தை எடுத்தேன். கூறை உடுத்தும் படத்தில் அக்கா இல்லை. ஓரத்தில் ஊசியோடு அவள் கை மட்டும் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பிழையாக எடுத்த படம் என்றுதான் சொல்லி வந்தேன்.