பன்னிரண்டு சுற்று

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கிவைத்து நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. உன் மாமனாரிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி ஒரு பொய். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மாவின் காது மூன்று சுவர் தாண்டி வேலை செய்யும், அது உனக்கே தெரியும். அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய தூண்டில் சாமான் வந்ததிலிருந்து நானும் சம்பந்தியும் ஞாயிறு தவறாமல் படகுத்துறைச் சுவரில்தான் நிற்கிறோம். புழு வேண்டாம், சேறு வேண்டாம், ரப்பர் மீனை வீசி இழுத்து நிஜ மீனை ஏமாற்றுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வம்பெல்லாம் முடிச்சில்தான். ரீலில் சுற்றியிருக்கிற பச்சைப் பின்னல் நூல் தையல் நூல் மாதிரி மெலிசு. முனையில் போடுகிற லீடர் கண்ணாடி மாதிரித் தடித்த நரம்பு, மீன் கண்ணுக்குத் தெரியக் கூடாது, கல்லில் உரசினாலும் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக. இரண்டையும் சும்மா கட்டினால் ஒன்று மற்றதைவிட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். நீ அனுப்பிய வீடியோவில் வருகிற ஆள், பின்னல் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு லீடரை அதன் மேல் ஒன்று கீழ் ஒன்றாக இருபது சுற்றுப் பின்னி, எச்சில் தொட்டு நனைத்து, நூலின் பச்சை கறுக்கும் வரை இழுத்து இறுக்கச் சொல்கிறார். சைக்கிள் சீட்டிலிருந்து பஸ் சீட்டு வரை முப்பது வருஷமாகத் தைக்கிற எனக்கு இது ஒரு வித்தையா என்று, இரண்டு பேருடைய தூண்டிலுக்கும் நானே கட்டுகிறேன் என்று மார்தட்டிவிட்டேன். சம்பந்தியும் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தார்.

போன ஞாயிறு அவருடைய முடிச்சைப் பின்னிக்கொண்டிருக்கும்போது டீ வந்துவிட்டது. பாதியில் விட்டு, குடித்து, டீக்காரரோடு கொஞ்சம் கதை அளந்துவிட்டு, ஒரு இழுப்பு இழுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். நனைக்கவும் இல்லை. அரை மணி நேரத்தில் அவர் கம்பு வில்லாக வளைந்தது. என் கை நீளத்துக்கு மீன், அவர் வாழ்க்கையிலேயே முதல் பெரிய மீன். சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிற மனுஷன், "வலை, சம்பந்தி, வலை" என்று கூவுகிறார். நான் வலையை எடுப்பதற்குள் நூல் தொய்ந்துவிட்டது. நூல் முனையைப் பார்த்தேன். மீன் கடித்திருந்தால் வெட்டினது மாதிரி இருக்கும். இது சுருட்டை முடி மாதிரி சுருண்டிருந்தது, அதாவது என் பின்னலுக்குள்ளிருந்து லீடர் உருவிக்கொண்டு போய்விட்டது. அவர் என் முகத்தையே பார்க்கிறார். என் வாய் என்னைக் கேட்காமலே, "அவசரப்பட்டு வெடுக்குன்னு இழுத்துட்டீங்க சம்பந்தி, கை கொஞ்சம் கனத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டது. சுருளை நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது. புதன்கிழமை உன் மாமியார் வந்து உன் அம்மாவிடம் சொல்கிறார், மனுஷன் தூண்டிலைப் பரண்மேல் போட்டுவிட்டாராம், கடையில் இரண்டு லேடீஸ் வாட்சைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாராம், விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று ஒரு வேன் சீட்டுக்கு உறையை உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துவிட்டேன். துவைக்கும்போது அந்தச் சுருள் உன் அம்மா கையில் சிக்கி, "எவ முடி இது" என்றாள். பச்சை முடி வைத்த எவளாவது உண்டா என்று கேட்டேன். "உங்களப் பாக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். இந்தக் கடிதத்தை ஆரம்பித்ததிலிருந்து நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டேன், வாசலுக்கும் போய் வந்தேன், அங்கே ஒன்றும் இல்லை. இனி தாங்காது. பேனாவையும் சுருளையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன், அம்மாவும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள்.

இதைச் சம்பந்தி வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். நான் சுருளை மேசையில் வைத்துச் சொல்லச் சொல்ல அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி, இடுக்கியால் சுருளை மெதுவாகத் திருப்பினார். கடைசியில், "பன்னெண்டு" என்றார். என்ன சம்பந்தி என்றேன். "பன்னெண்டு சுத்துதான் இருக்கு. அந்த ஆளு இருபதுன்னாரு." டீ வந்துடுச்சு என்றேன். "டீயா," என்று கண்ணாடியைக் கழற்றினார், "ஒரு வாரமா டம்ளரக்கூட ரெண்டு கையாலதான் தூக்குறேன். டீயாலயா." அவர் ஏணியைக் கொண்டுவந்து போட்டார், பிடிங்க என்றார், பிடித்தேன். தூண்டில் கீழே வந்தது. "நூலை வாயில கடிச்சு இறுக்கிப் பிடிங்க, அப்பதான் பேச்சு வராது" என்றார். கடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு சுற்று, இடுக்கியே இல்லாமல், ஒரு விரல்கூட நடுங்காமல் பின்னினார். பச்சை கறுத்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன், மேடே தெரியவில்லை. இனிமேல் முடிச்சு அவருடையது, நூலைக் கடிப்பது மட்டும் என்னுடையது என்று தீர்ப்பு.

திருப்பி அனுப்பின வாட்சுகளை வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டார், அதனால் நீ அவரிடம் எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளையை ஞாயிறு மதியத்துக்கு மேல் போன் செய்யச் சொல், காலையில் நாங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, குறைவில்லாமல் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ரப்பர் மீன் ஒரு பாக்கெட் அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு, உன் அப்பா

எழுத விட்டுப்போனது: ஏன் இன்னும் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே எழுதுகிறேன் என்று கேட்பாய். முடிச்சைச் சோதித்துப் பார்க்க லீடரைக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் கட்டி, நானும் சம்பந்தியும் சேர்ந்து இழுத்தோம். முடிச்சு அப்படியே நின்றது. கைப்பிடிதான் கழன்று வந்துவிட்டது. உள்ளே உன் அம்மா இருக்கிறாள். பச்சை முடிக்காரியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்கிறாள். தச்சர் ஆறு மணிக்கு வருகிறார்.