ராணியின் கொல்லைப்புறம்

அடியே, கலிஃபோர்னியாவில், என் சன்னிவேல் வீட்டு அடுப்பில் வறுத்த பார்லி கொதிக்கிறது. சியோலில் வாங்கி வந்த பொட்டலம். லேசாகக் கருகிய அந்த வாசனை எழுந்ததும் உன் அபார்ட்மென்ட் சோபாவுக்கே போய்விட்டேன். பிள்ளைகள் ஸ்கூலில், கணவன்மார் ஆபீஸில். நாம் இரண்டு பேரும் காலை மடக்கி உட்கார்ந்து, இதே பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கொரிய ராஜா ராணி சீரியலில் மூழ்கிக் கிடந்த மதியங்கள்.

"பாரு, எவ்ளோ பெரிய அரண்மனை. ஆனா இவளால வாசல் தாண்ட முடியல. இவளும் நம்மள மாதிரி எச்-ஃபோர்தான்டி," என்பாய். கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த நமக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லாத காலம். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சிரிப்பு அடங்கியதும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாய்: "ஊர்ல பேங்க் மேனேஜர். இங்க நான் யாருடி?"

அந்த அரண்மனையை நேரில் பார்க்க உனக்கு அவ்வளவு ஆசை. அமெரிக்காவை விட்டு வெளியே போய், திரும்பி வர விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் வம்பு, கிரீன் கார்டு வரட்டும் என்று தள்ளிப் போட்டாய். அதற்குள் நோய் முந்திக்கொண்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த முறை சென்னை போகும் வழியில் சியோலில் இறங்கினேன். தூக்கம் கெட்ட கண்களோடு காலையிலேயே அரண்மனைக்குப் போனேன். ஒரே மூடுபனி. வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடைகளில் பெண்கள் மிதந்து வந்தார்கள். முற்றத்துக்குப் பின்னால் முற்றமாக வாசல்கள் திறந்துகொண்டே போயின. நடக்கிறேனா, கனவு காண்கிறேனா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு உயரமான வாசற்படியையும் நீ பாவாடையைத் தூக்கிப் பிடித்து எனக்கு முன்னால் தாண்டிப் போனாய்.

ராணியின் மாளிகைக்குப் பின்புறம் அடுக்கடுக்காக ஒரு சின்னத் தோட்டம். நடுவில் செங்கல் புகைபோக்கிகள். உள்ளே தரையைச் சூடாக்கிய புகை அவற்றின் வழியாகத்தான் வெளியேறுமாம். அவற்றின் மேலெல்லாம் பூ, பறவை, மான். வெளியே போக முடியாதவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று செய்தது போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ இல்லாமல் அதைப் பார்க்கப் பிடிக்கவே இல்லை.

"பாவம், ராணி இங்கே சும்மாவே உட்கார்ந்திருந்தாளா?" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தப்புரத்துப் பெண்கள் அத்தனை பேரும் ராணியின் பொறுப்பாம். யாருக்கு என்ன வேலை, என்ன பதவி, யாருக்கு என்ன குறை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவள்தானாம்.

அங்கேயே நின்று மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். புதிதாக வந்து இறங்கியவளுக்கு டேகேர் தேடித் தந்தது யார்? பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு சுமந்து போனது யார்? ஃப்ரீவே என்றாலே நடுங்கிய எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பயந்துட்டே இருக்காத, உள்ள போ," என்று அதட்டிக் கார் ஓட்ட வைத்தது யார்? நான் யாருடி என்று கேட்டாயே, நீ சீரியலைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

எனக்கு இப்போது வேலை இருக்கிறது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. ஆனாலும் போன வாரம் கோயிலில் ஒரு பெண் என்னைத் தன் மாமியாரிடம், "இவங்க அந்த அக்காவோட ஃப்ரெண்டும்மா," என்று சொன்னாள். எந்த அக்கா என்று அந்த அம்மா கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர்.