மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்த ஐந்து பாட்டில்கள்

சேக்காடு, ஆவடி
டிசம்பர் 9

என் கண்ணு ஃபெபிக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். இமாச்சல் குளிரில் நீயும் உன்னோடு படிக்கிற பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் வகுப்புப் பையன் லிபின் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறானாம், அவனிடம் ஸ்வெட்டரும் முறுக்கும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். முறுக்கு அப்புறம், இதை முதலில் படி. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்டில் பருத்திப்பட்டு தடுப்பணைப் பக்கம் கூவத்தில் பிடித்த பூச்சிகளை ஐந்து பாட்டிலில் போட்டு, பேப்பர் சுற்றி, ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தாயே, வெள்ளிக்கிழமை நீ போனில் பத்திரமா என்று கேட்டதற்கு நான் பத்திரம் என்றேன். பொய் ஃபெபி. அதற்கு முந்தின வாரமே கிறிஸ்துமஸுக்கு ஃப்ரிட்ஜ் துடைக்கும்போது அது என்னவென்று தெரியாமல் ஒன்றைத் திறந்தேன், குப்பென்று ஸ்பிரிட் வாடை. அப்பா குடியை விட்டு ஐந்து வருடம் ஆகிறது, மனுஷன் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றுதான் என் புத்தி போயிற்று. உள்ளே பார்க்காமல்கூட ஐந்தையும் சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் பாவம், என்ன குற்றம் என்றே தெரியாமல் தானே சோறு போட்டுத் தின்றுகொண்டிருந்தார். மலை ஆற்றுப் பூச்சியையும் நம்ம கூவத்துப் பூச்சியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் உன் ஆய்வு முழுசாகும் என்று அதே போனில் நீ சொன்னபோதுதான், நான் எதைக் கொட்டினேன் என்பது புரிந்தது, பயத்தில் பத்திரம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் எல்லாம் சொல்லி அழுதேன். கோபப்படுவார் என்று பார்த்தால், அழுதுகினு இருந்தா பூச்சி வந்துடுமா, காலைல கெளம்பு என்றார். சனிக்கிழமை ஸ்கூட்டரில் போய், உன் நோட்டில் எழுதியிருந்த ஐந்து இடத்திலும் பழைய கொசுவலையை விரித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார், நான் கல்லைப் புரட்டிவிட்டேன். அங்கே சிவப்புப் புழுதான் கிடைக்கும் என்று நீ அலுத்துக்கொண்டாயே, மழைத் தண்ணீர் வந்ததாலோ என்னவோ இந்தத் தடவை மூன்று தட்டான் குஞ்சு மாட்டியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பூச்சி கெடாமலிருக்க மெடிக்கலில் வாங்கின ஸ்பிரிட்டை மட்டும் நீயே ஊத்து, நான் தொடமாட்டேன் என்று தள்ளிப்போய் நின்றுவிட்டார். இவரையா சந்தேகப்பட்டேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

லேபிள் ஒட்டும்போது ஆகஸ்ட் தேதியே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்ததும் நான்தான். பொண்ணு அங்க குளிர்ல கல்லு கல்லா பொரட்டி பூச்சி எண்ணிகினு கீது, நீ இங்க குந்திகினு பொய்த் தேதி போட்டா அத்தோட படிப்பே பாழாயிடும்டி என்று அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். டிசம்பர் 6 என்றுதான் ஒட்டியிருக்கிறது, ஐந்து பாட்டிலையும் லிபினிடமே கொடுத்துவிடுகிறேன். இது செல்லுமோ செல்லாதோ எனக்குத் தெரியாது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் கேட்க நாலு நாள் ஆகிவிட்டது.

ஆற்றில் தனியாக இறங்காதே, ஈரச் சாக்ஸோடு இருக்காதே. மாதா உன் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, புரொபசரிடம் சொல்லும்போது எனக்காகப் பழியை உன்மேல் போட்டுக்கொள்ளாதே. அம்மா கொட்டிவிட்டாள் என்றே சொல், வேண்டுமானால் அவரிடம் நானே பேசுகிறேன்.

உன் அம்மா,
செலின் பால்ராஜ்