தேங்காய் எண்ணெய் போட்ட லாக்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நூற்றுப் பத்து கத்தி திறந்து மூடினேன். கட்டைவிரல் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. மலையாளத்தில் எழுதினால் கம்பெனியில் எல்லாரும் படித்துவிடுவார்கள். தேனிக்கார ரமேஷ்பாபுவுக்குத் தமிழ் படிக்க வரும். ஆனால் அவன் போனைத் தவிர எதையும் படித்ததாகத் தகவல் இல்லை.

கம்பெனி என்று பெரிதாகச் சொல்கிறேன். பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு. உள்ளே போனால் முதலில் மூன்று தும்மல், பிறகுதான் வேலை. முதலாளி ஸ்ரீநாத் சேட்டன் முன்பு டூரிஸ்டுகளுக்கு யானை பொம்மை விற்றவர். இப்போது மல்டி டூல். ஒரே கைப்பிடிக்குள் கத்தி, கொறடு, ஸ்க்ரூ டிரைவர், எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு கொக்கி. பாகங்கள் வெளியூரிலிருந்து மூட்டையில் வரும். ரமேஷ்பாபு சேர்த்து முடுக்குவான். நான் திறந்து மூடிப் பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் 'ம' போடுவேன். ம என்றால் மகா. என் கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு பள்ளிக்கூடத்தில்கூட இருந்ததில்லை.

கத்தியை முழுதாக விரித்தால் உள்ளே ஒரு மெல்லிய தகடு சாய்ந்து, கத்தியின் அடியில் போய் நிற்க வேண்டும். அதுதான் லாக். அது நின்றால் கத்தி மடங்காது. நிற்காவிட்டால் பிடித்திருப்பவன் விரல் மேலேயே மடங்கும். நல்ல லாக் 'டக்' என்று சொல்லும். இந்த மூட்டையில் வந்ததெல்லாம் 'சளக்' என்கின்றன. கத்தி விழப்போகிற பால்பல் மாதிரி ஆடுகிறது.

மெஷின் எண்ணெய் விட்டால் நாற்றம், பெட்டியின் வெள்ளை வெல்வெட்டில் கறை என்று சேட்டன் புலம்பினார். என் வாய் சும்மா இருக்குமா? "தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க சேட்டா" என்றேன். விட்டார். சளக் போயே போச்சு. ஆட்டமும் தெரியவில்லை. மணம் வேறு.

"அடிபொளி சேச்சீ!" என்றார். யானை பொம்மை விற்ற சந்தோஷம் அந்த முகத்தில்.

அக்டோபர் 16

எனக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. இன்று முதல் நான் குவாலிட்டி மேனேஜர். சம்பளம் அதே. காலையிலிருந்து சுவருக்கும் மேஜைக்கும் நடுவே உருண்டு பார்த்தேன், நன்றாக உருள்கிறது.

அக்டோபர் 30

பெட்டியில் புதிதாக அச்சடித்திருக்கிறார்: 'சுத்தமான கேரளத் தேங்காய் எண்ணெயால் பதப்படுத்தப்பட்டது'. கத்தியா, வாழைக்காய் சிப்ஸா?

நவம்பர் 8, சனி

தம்பி செல்லப்பா லீவில் வந்திருந்தான். மூணாறில் ஒரு டீ எஸ்டேட்டில் தண்ணீர் பம்ப் பார்த்துக்கொள்கிறான். நாற்பது டூலில் ஒன்று என்று பொறுக்கி, துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ம போட்டிருக்கே. நீயா?" என்றான். மேனேஜர் என்று சொல்லிவைத்தேன். நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். பின்னே?

நவம்பர் 17

தம்பி அதைத் தன் எஸ்டேட் ஸ்டோர்க்காரரிடம் காட்டிப் பெருமையடித்திருக்கிறான். புத்தாண்டுக்கு ஆட்களுக்குக் கொடுக்க இருநூற்று நாற்பது வேண்டுமாம். சேட்டன் தலைகால் புரியாமல் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 25

தம்பி போன். "அக்கா, காலைல லாக் சரியா பிடிக்கலை. மத்தியானம் ஆனா பிடிக்குது" என்கிறான். கத்திக்குக் காலை என்ன, மாலை என்ன? இவன் ஏழு வயதில் ரேடியோவை உடைத்தவன், பத்து வயதில் சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவன். "முதல்ல சாயா குடிச்சிட்டு அப்புறமா திற. உன் கைதான் தூங்குது" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

டிசம்பர் 2

இருநூற்று நாற்பதும் மூணாறுக்கு வண்டி ஏறின. இருநூற்று நாற்பது ம.

டிசம்பர் 11, வியாழன்

தம்பி மறுபடி. முன்கூட்டியே வாங்கிக்கொண்ட நாலைந்து பேரும் அதையே சொல்கிறார்களாம். சேட்டனிடம் சொன்னேன். "மூணாறுக்காரனுக்குத் தேயிலை கிள்ளத் தெரியும். கத்தி பிடிக்கத் தெரியுமோ?" என்றார். ரமேஷ்பாபு சிரித்தான். நானும் சிரித்தேன். நாற்காலியில் அரை வட்டம் சுற்றிக்கொண்டே சிரித்தேன்.

டிசம்பர் 20, சனி

காலையில் தலைக்கு வைக்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். வரவில்லை. உறைந்திருந்தது. இந்த ஊரிலேயே நாலு நாள் பனி அடித்தால் உறையும். வருஷா வருஷம் மாடிச்சுவரில் வெயிலில் வைப்பதுதானே. வைக்கப் போனேன். பாதிப்படியில் நின்றுவிட்டேன்.

மூணாறு. காலை. தேங்காய் எண்ணெய்.

முப்பத்தாறு வருஷமாக இந்த எண்ணெயைத் தலையில் தேய்க்கிறேன். தலைக்கு உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வேலைக்குப் போனேன். வரும்போது மூன்று டூலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஃப்ரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் எடுத்தேன். திறந்தேன். டக்கும் இல்லை, சளக்கும் இல்லை. தகடு உறைந்த எண்ணெயில் சிக்கி, சோம்பேறி மாதிரி பாதிவழியில் நின்றது. கத்தியின் முதுகை மணைப்பலகையில் லேசாகத் தட்டினேன். மடங்கிவிட்டது. மூன்றும். கொறடால் பிடித்துத் தட்டியதால் விரல் தப்பியது.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் மனைவி சோனியா எடுத்தாள். அவன் பம்ப் ஹவுஸில் இருக்கிறான் என்றாள். "அந்தக் கத்தியைத் தொட வேண்டாம்னு சொல்லு" என்றேன்.

"தொட்டாச்சு அண்ணி. பன்னெண்டாம் தேதியே. விடியக்காலைல வயர் சீவும்போது மடங்கிடுச்சு. இடதுகை ஆள்காட்டி விரல். ஏழு தையல்."

ஏன்டி எனக்குச் சொல்லல?

"அதுல உங்க ஸ்டிக்கர் இருக்குல்ல. ஸ்டோர்க்காரர் கேட்டா உங்களுக்குத்தான் கேடுன்னு, வீட்ல கத்திரிக்காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்."

பன்னிரண்டாம் தேதி. நான் நாற்காலியில் சுற்றிச் சிரித்ததற்கு மறுநாள். அவன் வாழ்க்கையில் கத்திரிக்காயைத் தொட்டதே இல்லை. கூட்டில் போட்டால்கூட ஒதுக்கி வைப்பான்.

டிசம்பர் 22

சேட்டனிடம் மூன்றையும் காட்டினேன், ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுபோய். தட்டிக் காட்டினேன். மடங்கின. எண்ணெய் என் யோசனைதான், என் தப்புதான் என்றேன். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு மூளை வேலை செய்யத் தொடங்கியது. யானை பொம்மை விற்ற மூளை.

"இது வேற ஆரும் அறியண்டா சேச்சி. ஒரு நோட்டீஸ் அடிச்சு அனுப்பலாம்."

நோட்டீஸும் எழுதிவிட்டார்: 'குளிர்ப் பிரதேச வாடிக்கையாளர் கவனத்திற்கு: உபயோகிக்கும் முன் டூலை ஐந்து நிமிடம் இளவெயிலில் காட்டவும்.' வெயிலில் காட்ட அது என்ன ஊறுகாயா? மூணாறில் டிசம்பர் காலையில் வெயில் எங்கே கிடக்கிறது என்றும் அதிலேயே எழுதிவிட்டால் புண்ணியம்.

டிசம்பர் 23

ஸ்டோர்க்காரருக்கு நானே போன் செய்தேன். நான் செல்லப்பாவின் அக்கா, ஸ்டிக்கரில் ம போட்டவள், எண்ணெய் விடச் சொன்னவள், ஒன்றையும் ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்ததை வாங்கி வையுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். செல்லப்பாவின் விரலை வெட்டியதும் அதுதான் என்றேன்.

"கத்திரிக்காய்னு சொன்னானே" என்றார்.

பொய் சொல்லியிருக்கான் சார். எனக்காக.

டிசம்பர் 24

ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்குகிறது. என் நாற்காலியில் ரமேஷ்பாபு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு ஸ்டூல். பாவம், அவனுக்கு உருளத் தெரியவில்லை. அலமாரியில் முட்டிக்கொண்டான்.

ஜனவரி 7, புதன்

இருநூற்று நாற்பதும் திரும்பி வந்தன. பாகம் அனுப்பியவன் உடைந்ததைத் தவிர எதையும் திரும்ப எடுக்கமாட்டானாம். சரி, கழுவிப் பார்க்கலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. நானும் ரமேஷ்பாபுவும் மண்ணெண்ணெயில் கழுவுகிறோம்.

எண்ணெய் போனதும் ஒவ்வொன்றும் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. சளக், சளக், சளக். தகடு நிற்க வேண்டிய இடத்தில் நகக்கண் அளவுதான் தொடுகிறது. சிலதில் அதுவும் இல்லை. ஒன்றில் தகடு வளைந்து எதிர்ப்பக்கம் பார்க்கிறது, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி.

உறையும் எண்ணெய் பாதித் தப்பு. லாக் சரியாக உட்காராத சாமான் என்று அக்டோபரிலேயே என் காதுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை வாயடைக்கத்தான் எண்ணெய் விட்டேன். பூசி மெழுகியதற்கு நாற்காலி கொடுத்தார்கள், உட்கார்ந்தேன். அவ்வளவுதான் கதை.

ஜனவரி 10

கழுவி முடிந்தது. தேறியது முப்பத்தொன்று.

ஜனவரி 19

கம்பெனி இனி மல்டி டூல் செய்யாது. கதகளி முகம் வைத்த பாட்டில் ஓப்பனர் செய்யப்போகிறோம். "அதில லாக்கே இல்ல, பிரச்சனையும் இல்ல" என்கிறார் சேட்டன். மூக்கு கோணலாக இருந்தால் தள்ளிவிடுவேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

பிப்ரவரி 4, புதன்

முப்பத்தொன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூணாறு பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தேன். எண்ணெய் இல்லை, ஸ்டிக்கர் இல்லை.

இன்று காலை ஆறு மணிக்குத் தம்பி போன். "பேசாதே, கேளு" என்றான்.

டக்.

மூடித் திறந்தான். டக். இங்கே பல் துலக்கிக்கொண்டிருந்தேன், நுரையோடு அப்படியே நின்றேன்.

"குளிர் உயிர் போகுதுக்கா, ஆனா பிடிக்குது. ஸ்டிக்கர் ஒட்டலையே. நீ பார்த்ததா, வேற யாராவதா?"

"நான்தான்டா. மூணு நாள் ஃப்ரிட்ஜுல வெச்சுப் பார்த்தேன்."

"அப்ப சரி" என்றான். அவ்வளவு சுலபமாக. பின்னால் சோனியா, அதை முதலில் கீழே வை என்று கத்துவது கேட்டது.

விரல் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"கத்தி மடங்கலக்கா. விரல்தான் இன்னும் மடங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. டிசம்பரில் சிரித்ததே போதும்.